பச்சையாக இருக்க வேண்டிய பனிக்கட்டி

பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் சாமான் வேன் ஓட்டும் நாலைந்து பேர் சேர்ந்து போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். குளிர் தொடங்குமுன் டீசல் வண்டியை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்பது எல்லோருடைய எண்ணம். சரி என்று உட்கார்ந்தேன். பற்றரி, டீசல் வடிகட்டி, ரேடியேட்டர் என்று மூன்று வரி எழுதினேன். மூன்றாவது வரியில் பழைய லொறிச் சாரதி அருளப்பண்ணை நினைவில் வந்து நின்றுவிட்டார். அவர் வந்த பிறகு ஒரு பக்கத்தில் முடிக்க முடியவில்லை. வேன்காரர் கோபிக்க வேண்டாம். அவர்களுக்குத் தேவையானதும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

நான் சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலை பழகியவன். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்தேன். மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் ஆறேழு பேரோடு படுத்தேன். லா ஷப்பல் எல்லைக்கு அப்பால், ரயில் பாதைகளுக்கு நடுவே இருந்த ஒரு லொறிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலில் லொறி கழுவினேன். பிறகு பட்டறையில் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஸ்பனரை என் கையிலேயே விட்டுவிட்டார்கள். பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்ட பாடுதான்.

பட்டறைத் தலைவரை நாங்கள் செஃப் என்போம். பெயர் ரெனே. சுவிஸ் எல்லைப் பக்கத்து மலைநாட்டுக்காரர். குட்டையான மனிதர். எந்தக் குளிரிலும் கையுறை போடமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் சத்தம் போடுகிற மனிதரோடு வேலை செய்வது அதைவிடச் சுலபம். ஒரு வேலையைச் செய்தாயா என்று அவர் கேட்கமாட்டார். "காட்டு" என்பார். சக்கரத்து நட்டுகளை இறுக்கிவிட்டேன் என்று சொன்னால், "காட்டு". திரும்பத் தளர்த்தி, அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக இறுக்கிக் காட்ட வேண்டும். முதல் ஆறு மாதம் அந்த மனிதரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்றிருந்தது எனக்கு. பிறகுதான் விளங்கியது, அவர் தன்னுடைய வேலையையும் அப்படித்தான் எங்களுக்குக் காட்டினார்.

நவம்பர் பிறந்ததும் குளிர்கால ஆயத்தம் தொடங்கும். வேன்காரர் இங்கே கவனிக்கவும். முதலில் பற்றரி. கழற்றி, முனைகளைச் சுடுநீரால் கழுவித் துடைத்து, கிறீஸ் பூசி, பலவீனமானதை மெதுவாகச் சார்ஜில் போட வேண்டும். அடுத்தது டீசல். தாங்கியின், அதாவது டாங்கின், அடியில் நிற்கும் தண்ணீரை வடித்து, புது வடிகட்டி போட வேண்டும். டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. லா ஷப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய் குளிரில் ஜன்னலோரப் போத்தலில் எப்படி உறையும் என்று உங்களுக்குத் தெரியும். டீசலும் அப்படித்தான் உறையும், கொஞ்சம் பிந்தி உறையும். கடுங்குளிர் வருமென்றால் அந்தக் காலத்தில் அளவாக மண்ணெண்ணெய் கலப்போம். உறைந்த பிறகு கலந்து பயனில்லை. பிறேக்கின் காற்றுத் தாங்கியில் சேரும் ஈரத்தைத் தினமும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குழாய்க்குள் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். உறைபனியில் லொறியை நிறுத்தும்போது கைபிறேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஈரமான பிறேக் ஒட்டிக்கொண்டால் காலையில் சக்கரம் சுற்றாது, இழுபடும்.

கடைசியாக ரேடியேட்டர். பாதி தண்ணீர், பாதி ஆன்திஜெல் என்கிற பச்சைத் திரவம். இறப்பர் பந்து பொருத்திய ஒரு கண்ணாடிக் குழாயில் அதை உறிஞ்சி எடுத்தால், உள்ளே மிதக்கும் முள் எத்தனை பாகைக் குளிர்வரை உறையாது என்று சொல்லும். ரெனே பக்கத்தில் நின்று பார்ப்பார். முள் சொன்னாலும் போதாது. விரலில் தொட்டு மணந்தும் பார்ப்பார். அதோடு ஒரு கட்டளை உண்டு: விளிம்புவரை நிரப்பக்கூடாது, இரண்டு விரல் அளவு வெறுமையாக விட வேண்டும். எஞ்சின் சூடேறினால் திரவம் பெருகும். இடம் இல்லாவிட்டால் மிஞ்சியதை வெளியேற்றும் மேலதிகக் குழாயால் தெருவில் கொட்டும்.

இனி அருளப்பண்ணை. மன்னார்க்காரர். ஐஸ் போட்ட மீனைக் கொழும்புக்கு ஏற்றிப் பதினைந்து வருடம் லொறி ஓட்டியவர். எங்கள் கம்பெனி சாரதியாக எடுத்த முதல் தமிழர் அவர்தான். பெரிய லொறியைப் பின்பக்கமாக எடுத்து இரண்டு லொறிகளுக்கு நடுவே ஒரே தரத்தில் நிறுத்தியதைப் பார்த்து, ரெனே தலையை ஆட்டினார். ரெனேயின் தலையாட்டல் சும்மா கிடைக்காது. ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை. சனவரி முடியும்வரை சோதனைக் காலம். நிரந்தரமானால்தான் மனைவி செலினையும் ஆறு வயது மகளையும் கூப்பிடும் பாப்பியே என்கிற கடதாசி அலுவல் நகரும். மன்னாரிலிருந்து அப்போது வந்துகொண்டிருந்த செய்திகள் நல்லவையல்ல. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அவர் பேச்சு அதுதான். எனக்குத் திருநீறு, அவருக்குச் சிலுவை. ஆனால் அந்த மாதங்களில் இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டது அந்த நிரந்தர வேலையைத்தான்.

எண்பத்தைந்து சனவரியில் குளிர் வந்தது. அதைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காணாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டியது. பாரிஸ் முழுக்க டீசல் உறைந்து, லொறிகள் தெருவோரங்களில் செத்துக் கிடந்தன. எங்கள் முற்றத்தில் மட்டும் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு எழும்பின. எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை அருளப்பண்ணையின் லொறிவரைக்கும்தான் நின்றது.

அது அசையவில்லை. ரேடியேட்டர் வயிறு ஊதி நின்றது. எஞ்சினின் பக்கவாட்டில், காசுபோல வட்டமான தகட்டு மூடிகள் சில இருக்கும். அதில் ஒன்று கழன்று நிலத்தில் கிடந்தது. அந்த ஓட்டையால் ஒரு பனிக்கட்டி நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆன்திஜெல் கலந்த தண்ணீர் உறைந்தாலும் பச்சையாகக் கூழாகத்தான் உறையும். இது வெள்ளை. கண்ணாடிபோலச் சுத்தமான தண்ணீர்.

நவம்பரில் அந்த ரேடியேட்டரை நிரப்பியது நான். ரெனே பார்த்து, மணந்து, சரி என்றவர். அப்படியென்றால் உள்ளேயிருந்த பச்சைத் திரவம் எங்கே போனது?

கம்பெனியை நடத்தும் திரெக்தருக்கும் அதே கேள்விதான். அவர் மேல்மாடி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து, பனிக்கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வாரம் ஆன்திஜெல்லுக்குப் பாரிசில் அடிபிடி. எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் களஞ்சியத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு என் இடுப்பில் தொங்கியது.

"ஆன்திஜெல்லை வடித்து விற்றிருக்கிறார்கள்" என்றார். "நாளைக்குள் யார் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் போலீசில் சொல்வேன். திறப்பை இப்போதே கொடுங்கள்."

கொடுத்தேன். என் சொந்தப் பாப்பியே அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற கடதாசி. போலீஸ் வந்தால் முதலில் அதைத்தான் கேட்கும். ரெனே நிலத்தில் கிடந்த மூடியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, லொறியைப் பட்டறைக்குள் இழுக்கச் சொன்னார்.

உறைந்த எஞ்சினை இளக்குவது அவசரக்காரன் வேலையல்ல. சுடுநீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். நெருப்பும் காட்டக்கூடாது. கதவுகளை மூடி, சூடான காற்று ஊதும் மெசினைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, அறையை மட்டும் சூடாக்கி, இரும்பு தானாகச் சூடேறிப் பனி இளகும்வரை காத்திருக்க வேண்டும். பனிக்கட்டி பெருகும்போது சில நேரம் அந்தத் தகட்டு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும், எஞ்சின் தப்பும். சில நேரம் மூடியும் போய், இரும்பும் வெடித்திருக்கும். எது என்று இளகின பிறகுதான் தெரியும்.

அதுவரைக்கும் அருளப்பண்ணைக்கு உதிரி லொறி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் அதன் காற்றுத் தாங்கியைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். அவர் சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்தார். சிலுவை போட்டார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

"அண்ணை, உதென்ன செய்யிறியள்?"

"தண்ணி விடுறன்."

"ஒவ்வொரு நாளும் விடுறனீங்களோ?"

"ஓம். தண்ணி பாக்காமல் நான் ஒரு நாளும் லொறி எடுத்ததில்லை. இஞ்சை உள்ள ட்ரைவர்மார் ஒருத்தரும் உதைத் திறந்தும் பாக்கிறேல்லை, தெரியுமோ? நான் விளிம்புமட்டும் விட்டுத்தான் எடுப்பன். அடுத்த நாள் பாத்தால் குறைஞ்சிருக்கும். எங்கையோ மெல்லிய ஒழுக்கு."

"செஃபுக்குச் சொல்லேல்லையே?"

"என்ன பாஷையிலை சொல்ல? வந்த உடனை லொறியிலை குறை சொல்லுறான் எண்டு நினைச்சுப்போடுவினம்."

எனக்கு விளங்கிவிட்டது. நம்முடைய ஊரில் ஓட்டை ரேடியேட்டரோடு வெயிலில் ஓடுகிற லொறிக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடையாது. காலையில் விளிம்புவரை விடாத சாரதி வவுனியா தாண்டமாட்டான். ஆனால் இங்கே அவர் விளிம்புவரை விட்டதும் எஞ்சின் சூடேறி, தண்ணீர் பெருகி, பச்சைத் திரவத்தைக் கொஞ்சம் தெருவில் கொட்டும். ஆறினதும் மட்டம் குறையும். அடுத்த காலை அந்த இடத்துக்கு அவர் வெறும் தண்ணீரை விடுவார். இப்படியே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பச்சை வெளியே, கொஞ்சம் தண்ணீர் உள்ளே. ஒருவரும் களவெடுக்கவில்லை. கம்பெனியிலேயே கவனமான சாரதி, கவனமாக, தன் லொறியைக் கொன்றிருக்கிறார்.

அதை அவருக்குச் சொன்னேன். போத்தலை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"அப்ப அதை உடைச்சது நானோ?"

"உடைஞ்சதெண்டு இன்னும் தெரியாது அண்ணை. இளகட்டும். வெடிப்பு இல்லையெண்டால் ஒண்டுமில்லை. அதுமட்டும் வாயைத் திறவாதேங்கோ."

"திரெக்தர் உன்னோடை என்ன கதைச்சவர்?"

"அது வேறை கதை."

"தம்பி, எனக்குப் பிரெஞ்சு தெரியாதுதான். போலீஸ் எண்ட சொல் எந்தப் பாஷையிலையும் விளங்கும். உன்ரை திறப்பை வாங்கினதையும் கண்டனான்."

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"செலினும் பிள்ளையும் வரவேணுமெண்டு நான் வைக்காத நேர்த்தியில்லை. அதுக்காக உன்ரை தலையிலை மிதிச்சுக்கொண்டு அவை வரவேண்டாம். வா. நான் சொல்லுறதை செஃபுக்குப் பிரெஞ்சிலை சொல்லு."

"மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே அண்ணை."

"வா எண்டுறன்."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. மாதம் முடியும்வரை இரண்டு கிழமை பொறுத்திருக்கலாமே என்ற கோபம். அதே நேரம், அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். குளிரில் கண்ணீர் கன்னத்தில் சுட்டது.

ரெனே எஞ்சின் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, அருளப்பண்ணையைப் பார்த்தார்.

"காட்டு."

அந்தச் சொல் அருளப்பண்ணைக்கும் பழகியிருந்தது. மூன்று பேரும் உதிரி லொறிக்குப் போனோம். சிலுவையிலிருந்து தொடங்கி, ஒன்றும் விடாமல் செய்து காட்டினார். விளிம்புவரை விட்டார், மூடினார், எஞ்சினை எழுப்பினார். ரெனே கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். சூடேறக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மேலதிகக் குழாயின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதன்பின் நூலாக வழிந்தது. முற்றத்து வெள்ளைப் பனியில் பச்சைப் புள்ளி ஒன்று பரவிக்கொண்டு வந்தது.

ரெனே குனிந்து விரலில் தொட்டு மணந்தார். திரெக்தரைக் கூட்டிவந்து காட்டினார். திரெக்தர் அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்தார். திறப்பை எடுத்து என்னிடம் திருப்பித் தந்தார். மன்னிப்பு ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"களவு இல்லை, சரி" என்றார். "ஆனால் எஞ்சின் வெடித்திருந்தால் இவருக்கு இன்றோடு இங்கே வேலை இல்லை."

அதை நான் தமிழில் சொன்னேன். அருளப்பண்ணை "சரி" என்று மட்டும் சொன்னார். ஏற்ற வேண்டிய சாமானை ஏற்றிக்கொண்டு ஓட்டத்துக்குப் போனார். அந்த உறைபனித் தெருவில் அன்றைக்கு அவர் எப்படி லொறி ஓட்டினாரோ, எனக்குத் தெரியாது.

அவர் திரும்பி வந்தபோது எஞ்சின் இளகியிருந்தது. ஊதிப்போன ரேடியேட்டர் ஏற்கெனவே ஒரு மூலையில் கிடந்தது. எண்ணெயை வடித்து, அதில் தண்ணீர் கலக்கவில்லை என்று பார்த்துவிட்டோம். உள்ளே வெடிப்பில்லை, அது பாதி நிம்மதி. இனி வெளிப்புறம். கழன்ற இடத்துக்குப் புது மூடி அடித்தேன். எஞ்சின் இரும்பைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தோம். ரெனே கரும்பலகைச் சோக்கைப் பொடியாக்கி, ஒரு தூரிகையால் முழுக்கப் பூசினார். உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அந்த வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு விழும்.

நான் பம்பை அழுத்தினேன். ரெனே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அருளப்பண்ணை எஞ்சினைப் பார்க்கவில்லை. ரெனேயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபக்கார டொக்டரின் முகத்தை நோயாளியின் சொந்தக்காரன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

விளக்கு ஓரிடத்தில் நின்றது. புது மூடிக்குக் கீழே ஒரு ஈரக் கோடு.

ரெனே அதைத் துடைத்தார். காயவிட்டார். திரும்பப் பொடி பூசினார். "அழுத்து" என்றார். அழுத்தினேன். காத்திருந்தோம். மேலேயிருந்து ஒரு துளி அவர் கையில் விழுந்தது. இறப்பர் குழாயின் பட்டியை நான் சரியாக இறுக்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் வழிந்திருக்கிறது. வேறு நாளென்றால் அதற்கு எனக்கு ஒரு மணித்தியாலம் கழற்றி இறுக்கிக் காட்டும் தண்டனை கிடைத்திருக்கும். அவர் தானே ஸ்பனரை எடுத்து அதை இறுக்கிவிட்டு, விளக்கைத் திரும்பவும் எஞ்சின் முழுக்க ஓட்டினார்.

"ஒன்றுமில்லை" என்றார்.

"ஒண்டுமில்லையாம் அண்ணை. வெடிக்கேல்லையாம்."

அருளப்பண்ணை அங்கிருந்த டயர் ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரெக்தர் ரேடியேட்டர் நாசமானதை விடவில்லை. ரெனே கையைத் துடைத்துக்கொண்டே, "அது பட்டறையின் பொறுப்பு. தண்ணீர் விடக்கூடாது என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் ஒருவன் இங்கேயே இருந்தான், அவனையும் நான் சொல்லச் சொல்லவில்லை" என்றார். அந்த ஒருவன் நான்தான். அன்றிலிருந்து புதிதாக வந்த தமிழ்ச் சாரதி எவரும் என்னுடைய அரை மணித்தியாலப் பிரசங்கத்தைக் கேட்காமல் லொறியைத் தொட்டதில்லை.

சனவரி முடிவில் வேலை நிரந்தரமானது. ஆனாலும் பாப்பியே தன் பாட்டில்தான் நகர்ந்தது. செலினும் பிள்ளையும் கோடையில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்துக்கு நானும் போனேன். பிள்ளை தகப்பனை அடையாளம் தெரியாமல் தாயின் சீலைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் அதைத் தூக்கப் போகவில்லை. கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து, அது தானாக வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நவம்பரில் ரெனே ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தார். சோதித்து முடித்த ரேடியேட்டர் மூடி ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் கட்டி, ஈய முத்திரை வைக்க வேண்டும். சாரதிகள் கைவைக்கக்கூடாது. நான் கம்பியும் குறடுமாக வரிசையாகக் கட்டிக்கொண்டு போனேன். அருளப்பண்ணை தன் லொறிக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒழுங்கு யாரால் வந்தது என்று முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் கம்பியை எடுத்தேன். ரெனே என் கையைப் பிடித்தார்.

"இதற்கு வேண்டாம். காலையில் எஞ்சினைத் திறந்து பார்க்கிற சாரதி என்னிடம் இவர் ஒருவர்தான். இவர் பார்க்கட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த லொறிக்குப் போய்விட்டார். நான் அதை அருளப்பண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன்.

"அவர் சொன்ன மாதிரியே சொல்லு. பிரெஞ்சிலை."

அதையும் சொன்னேன். வேலை முடிந்து நான் கதவுகளைப் பூட்ட வந்தபோது அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. லொறிக்குள் உட்கார்ந்து, செலினுக்குச் சொல்லிக் காட்டுவதற்காக, அந்தப் பிரெஞ்சு வசனத்தைச் சொல் சொல்லாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.